கொகேஷி என்னும் மரப்பாவை

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கற்றோர் பலர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளுக்கு எண் இட்டு வரும் எம்மை இங்கே நிறுத்தியது செயலாளர் அவர்களின் அன்பேயன்றி எம் தகுதி அன்று. அதிலும், பேசும் பொருள் மரப்பொம்மை என்று அறிவித்ததும் சிலர் புன்னகை செய்ததைக் கண்டோம். நாற்பதைக் கடந்த ஆடவன் பொம்மை சேர்க்கிறான் என்றால் யார்தாம் நகையார்? எம் இல்லத்தரசியே முதலில் நகைத்தவர். ஆயினும், நகைப்பில் தொடங்கிய இந்தப் பழக்கம் எமக்கு ஒரு பெரும்பாடத்தைக் கற்பித்தது. அந்தப் பாடத்தைத் தங்கள் முன் வைக்கவே வந்தோம்.

முதற்பாவை எம் கைக்கு வந்த கதையை முதலில் கூறிவிடுகிறோம். மேற்குச் சரக்கு இரயில் தடம் ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு அமைந்தது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அப்பணியின் பொருட்டு இந்தப் பரோடா நகரில் தங்கியிருந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் 2019ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பினார். மும்பைக்கு அனுப்பவேண்டிய அவருடைய பெட்டிகள் எம் மேசைக்கு வந்தன. கட்டு சரியாக இல்லாத இரண்டு பெட்டிகளை மீண்டும் கட்டுவித்து, அன்றைய வண்டியிலேயே ஏற்றிவிட்டோம். அது எம் கடமை. அதற்குமேல் ஒன்றும் இல்லை. மறுநாள் அவருடைய துணைவியார் வந்து, தாளில் சுற்றிய ஒரு சிறு பொருளை எம் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தோம். ஒரு சாண் உயரமுள்ள மரப்பாவை. அம்மையார் அதன் தலையைப் பற்றி மெல்லத் திருப்பினார். 'கீச்' என்று ஒரு குரல் எழுந்தது. பிறகு பாவையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் அடியில் கருமையால் எழுதியிருந்த எழுத்துகளைச் சுட்டிக்காட்டினார். தாம் கற்றிருந்த சிறிதளவு இந்தியில், "இவர் செய்தார், இது நருகோ ஊர்" என்றார்.

அன்பர்களே! அந்தக் கணத்தில் எம் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. ஏன் தைத்தது என்பதை இறுதியில் கூறுவோம்.

கொகேஷி என்பது ஜப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷூவின் வடகிழக்கே, தோஹோக்கு என்னும் பகுதியில் பிறந்த பாவை. உருண்டைத் தலை ஒன்று, உருளை உடல் ஒன்று, அவ்வளவே. கையும் இல்லை, காலும் இல்லை. கண்ணும் மூக்கும் வாயும் தூரிகையின் சில மெல்லிய கோடுகள். உடலிலே செவ்வந்திப் பூவோ, வட்டக் கோடுகளோ, சிவப்பும் கருப்பும் பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாகத் தீட்டப்பட்டிருக்கும். இவ்வளவு குறைவான உறுப்புகளைக் கொண்டு ஒரு பெண்குழந்தையை நம் கண்முன் நிறுத்திவிடுகிறார்களே, அதுவே இக்கலையின் திறம்.

இது அரண்மனையில் பிறந்த கலை அன்று. அம்மலைநாட்டில் மரத்தைக் கடைந்து கிண்ணமும் தட்டும் செய்து பிழைத்தவர்கள் உண்டு. அவர்களைக் கிஜிஷி என்பர். நம் ஊர்க் கடைசல்காரர்கள் என்று கொள்ளுங்கள். அந்நாட்டில் வெந்நீர் ஊற்றுகள் மிகுதி. வயல்வேலை ஓய்ந்த நாட்களில் உழவர்கள் குடும்பத்தோடு அவ்வூற்றுகளுக்குச் சென்று, பல நாட்கள் தங்கி நீராடி, உடல்நோவு தீர்ந்து திரும்புவது வழக்கம். திரும்பும்போது வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு ஏதேனும் வாங்கிச் செல்ல வேண்டுமன்றோ? 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கடைசல்காரர்கள் அவர்களுக்காகச் செய்துவைத்த எளிய விளையாட்டுப் பொருளே கொகேஷி. சிவப்பு நிறம் வைசூரியை விலக்கும் என்னும் நம்பிக்கை அக்காலத்தில் இருந்தது. பாவையில் சிவப்பு மிகுந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பர்.

இனி, அது உருவாகும் முறையைக் கேளுங்கள். பெரிதும் பயன்படுவது மிஸுக்கி என்னும் வெண்மையான மரம். அப்பெயருக்கு 'நீர்மரம்' என்பது பொருள். வெட்டினால் நீர் மிகுதியாகச் சுரப்பதால் அப்பெயர் பெற்றது. மேப்பிள் மரமும் செர்ரி மரமும் உண்டு. செர்ரியில் செய்தது சற்றுக் கருஞ்சிவப்பாக இருக்கும். வெட்டிய மரத்தைப் பட்டை உரித்து, ஆறு திங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் வெளியில் உலரவிடுவர். இதில் அவசரப்பட்டால் பின்னாளில் பாவை பிளந்துவிடும். பின்னர் அளவாக அறுத்துக் கடைசல் பொறியில் ஏற்றுவர். முற்காலத்தில் இப்பொறிக்கு இருவர் வேண்டும். ஒருவர் கயிற்றை மாறிமாறி இழுத்துச் சுழற்ற, மற்றவர் உளியைப் பிடித்துக் கடைவார். மெய்ஜி மன்னர் காலத்தில் காலால் மிதித்து ஒருவரே இயக்கும் பொறி பரவியது. இன்று மின்விசை சுழற்றுகிறது. ஆயினும் தமக்கு வேண்டிய உளிகளைத் தாமே உலையிலிட்டு அடித்துக்கொள்ளும் மரபு அவர்களிடம் உண்டு.

உடலில் காணும் வட்டக் கோடுகள், பாவை சுழன்றுகொண்டிருக்கும்போதே தூரிகையை மெல்லத் தொட்டு இடுபவை. முகத்தையும் பூக்களையும் பொறியை நிறுத்தி, கையில் எடுத்து எழுதுவர். கண் ஒரு முறை எழுதியது எழுதியதுதான். அழித்து எழுத இயலாது. எல்லாம் முடிந்த பின் மெழுகு தேய்த்து மெருகேற்றுவர்.

நருகோ பாவை குரல் கொடுப்பது எவ்வாறு என்று பல நாள் வியந்தோம். உடலின் மேற்புறத்தில் ஒரு குழி கடைவர். தலையின் கீழே ஒரு கழுத்துமுனை கடைவர். உடல் பொறியில் விரைந்து சுழலும்போதே தலையை அக்குழியில் அழுத்துவர். உராய்வின் சூட்டிலே மரம் இளகிக் கழுத்து உள்ளே புகுந்துவிடும். சூடு ஆறியதும் வெளியே வராது, ஆனால் திருப்பலாம். திருப்பும்போது மரத்தோடு மரம் உரசி எழுப்பும் ஒலியே அந்தக் குரல். ஆணியும் இல்லை, பசையும் இல்லை.

இப்பாவைகளைப் பிறந்த ஊரை வைத்துப் பொதுவாகப் பதினொரு வகையாகப் பிரிப்பர். எல்லாவற்றையும் கூறித் தங்களைக் களைப்படையச் செய்ய மாட்டோம். சிலவற்றை மட்டும் கூறுவோம். ஃபுக்குஷிமாப் பகுதியின் ட்சுச்சியு பாவைக்குச் சிறு தலை, மெலிந்த உடல். உச்சந்தலையில் பாம்பின் கண் போன்ற கரிய வளையம் இருக்கும். மியாகிப் பகுதியின் தோகட்டா பாவைக்குப் பெரிய தலை. அதன் உச்சியில் செந்நிறக் கீற்றுகள் மலர்போல் விரிந்திருக்கும். அதே பகுதியின் யாஜிரோ பாவை, பலவண்ண வளையங்களால் ஆன தொப்பி அணிந்ததுபோல் தோன்றும். அகிட்டாப் பகுதியின் கிஜியாமா பாவையில் தலையும் உடலும் ஒரே மரத்துண்டில் கடையப்பட்டவை. இவாத்தேப் பகுதியின் நாம்பு பாவைக்குத் தலை தளர்வாகப் பொருத்தப்பட்டிருக்கும், ஆட்டினால் ஆடும். அவ்வகையில் பழையவற்றுக்கு வண்ணமே கிடையாது. ஏனெனில் அது பச்சைக்குழந்தை வாயில் வைத்துச் சப்புவதற்காகச் செய்த பொருள். இதைக் கேட்டதும் நம் தாய்மார்களுக்கு ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். அதற்கும் பின்னர் வருவோம்.

இரயில்வேக்காரராகிய எமக்கு இவ்வூர்களை நிலையப் பெயர்களாக நினைவில் வைத்துக்கொள்வதே எளிதாயிற்று. நருகோ ஒன்ஸென் என்பது ரிக்குஉ கிழக்குப் பாதையில் ஒரு நிலையம். யாஜிரோ இருக்கும் ஷிரோஇஷி நகரம் தோஹோக்கு முதன்மைப் பாதையில் உள்ளது. அங்கே சென்றதில்லை, செல்லும் பொருள்வசதியும் இல்லை. ஆனால் அந்தப் பாதையின் வரைபடம் எம் மேசைக் கண்ணாடியின் அடியில் இருக்கிறது.

ஒரு செய்தியை இங்கே தெளிவாக்க வேண்டும். 'கொகேஷி என்றால் குழந்தையை அழித்தல் என்று பொருள். பஞ்சகாலத்தில் கொல்லப்பட்ட குழந்தைகளின் நினைவாகச் செய்தவை இவை' என்று அலுவலக நண்பர் ஒருவர் எமக்குச் சொன்னார். கேட்டு இரண்டு நாள் உறக்கம் இல்லை. பின்னர் ஆராய்ந்தபோது அது பிற்காலத்தார் ஒலியொப்புமை கண்டு கட்டிய கதை என்று தெரிந்தது. பழைய காலத்தில் எல்லா ஊரிலும் இதற்குக் கொகேஷி என்ற பெயரே இல்லை. ஓர் ஊரில் தெகோ. ஓர் ஊரில் கிதெகோ. இப்படி ஊருக்கு ஒரு பெயர். 1940ஆம் ஆண்டில் நருகோவில் கூடிய கூட்டத்திலேதான் 'கொகேஷி' என்பதைப் பொதுப்பெயராகக் கொண்டனர். பொதுப்பெயர் பெற்ற காலமே இதுவானால், பெயரைப் பிளந்து அத்தகைய கொடிய வரலாற்றைக் காண்பது எங்ஙனம் பொருந்தும்?

இனி, சேகரிப்புக்கு வருவோம். நாம் இன்று பேச வந்த பொருளின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரங்களிலிருந்து தகரப் பொம்மைகளும் செல்லுலாய்டு பொம்மைகளும் வந்து குவிந்தன. குழந்தைகள் மரப்பாவையை மறந்தனர். கடைசல்காரர்கள் பலர் பாவை செய்வதை விட்டனர். அத்தொழில் அந்நாளில் மறைந்திருக்க வேண்டும். மறையாமல் காத்தவர்கள் யார்? அரசு அன்று, வணிகர் அன்று. வளர்ந்த மனிதர் சிலர், நம்மைப்போல் பிறர் நகைக்கும்படி பொம்மை சேர்த்தவர்கள்! செண்டாய் நகரத்து அமாயே தோமிஜி என்பவர் 1928இல் ஒரு நூலை வெளியிட்டார். கொகேஷியைப் பற்றியே எழுந்த முதல் நூல் அது. அவரைப் பின்பற்றிப் பலர் புறப்பட்டனர். ஃபுக்கஸாவா கனாமே என்பவர் ஊர் ஊராகச் சென்று கைவினைஞரைக் கண்டு பேசி எழுதினார். இவர்கள் பாவையை வாங்கியதோடு நிற்கவில்லை. "இதைச் செய்தவர் யார்? அவருக்குக் கற்பித்த ஆசிரியர் யார்? அந்த ஆசிரியரின் ஆசிரியர் யார்?" என்று கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்தார்கள்.

அதுவரை பாவையின் அடியில் பெயர் எழுதும் வழக்கமே இல்லை என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். செய்தவருக்குத் தம் பெயரை எழுதவேண்டும் என்று தோன்றவில்லை. பிள்ளை விளையாடும் மரத்துண்டுக்குப் பெயர் எதற்கு? சேகரிப்பவர் கேட்கத் தொடங்கிய பிறகே, தூரிகையை எடுத்து அடியில் தம் பெயரை எழுதலாயினர். பெயர் எழுதப்பட்டதும் பெருமை பிறந்தது. பெருமை பிறந்ததும் மகன் தந்தையிடம் கற்றான். ஆசிரியரின் முகவெட்டையே மாணவரும் வரைந்து, மரபு அறாமல் காத்தனர். 1959 முதல் ஷிரோஇஷியில் நாடு முழுதுக்குமான கொகேஷிப் போட்டி தொடங்கியது. ஃபுக்கஸாவா சேர்த்தவை நருகோவுக்கே வழங்கப்பட்டு, 1975இல் அங்கே ஒரு காட்சியகம் எழுந்தது. 1981இல் மியாகிப் பகுதிக் கொகேஷியை அந்நாட்டு அரசு மரபுக் கைவினையாக ஏற்றது. இத்தனைக்கும் வித்து எது? "யார் செய்தது?" என்ற ஒரு கேள்வி!

எம்மிடம் இருப்பவை ஒன்பது பாவைகளே. நாடு திரும்பும் ஜப்பானிய அன்பர்கள் கொடுத்தவை நான்கு. அஞ்சலில் வரவழைத்தவை மூன்று. அகமதாபாத்தில் சாபர்மதிக் கரையின் ஞாயிற்றுச் சந்தையில் கிடைத்தவை இரண்டு. அவ்விரண்டில் ஒன்றால் ஏமாந்தோம். மிகப் பழையது என்று விற்பவர் கூற, வீட்டில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்க வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வாங்கினோம். பிறகு தெரிந்தது, அது போருக்குப்பின் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பெருவாரியாகச் செய்த வகையென்று. அடியில் பெயர் இல்லை. கடைசலில் உளியின் தடம் இல்லை. முகம் அச்சிட்டதுபோல் இருந்தது. அந்த வாரம் முழுதும் இல்லத்தரசி குளிர்ந்த நீரும் தரவில்லை. குளிர்ந்த சொல்லும் தரவில்லை!

மற்றொரு பிழை இதனினும் பெரிது. நவராத்திரிக்குமுன் பாவைகளைத் தூய்மை செய்யும் ஆர்வத்தில், அம்மையார் அளித்த முதற்பாவையை ஈரத்துணியால் துடைத்துவிட்டோம். சாயம் நீரில் கரையும் தன்மையது என்று அறியவில்லை. செவ்வந்தியின் சிவப்பு வெண்மரத்தின் மேல் வழிந்தது. ஆதலின் இதில் ஆர்வம் கொள்வோர்க்குச் சொல்கிறோம்: உலர்ந்த மென்துணி அன்றி வேறு எதனாலும் துடைக்கலாகாது. வெயில் படும் சாளரத்தருகே வைக்கலாகாது. மற்ற வண்ணங்களைக் காட்டிலும் ஊதா விரைவில் வெளுத்துவிடும். காற்றும் ஒளியும் அளவோடு படும் இடமே ஏற்றது. வாங்கும்போது முதலில் முகத்தைப் பாருங்கள். உடனே கவிழ்த்து அடியைப் பாருங்கள்.

வழிந்த சிவப்பைக் கண்டு யாம் வருந்தி அமர்ந்திருந்தபோது, இல்லத்தரசி ஒரு கேள்வி கேட்டார். "குழந்தை விளையாடச் செய்த பொருள் என்கிறீர்கள். நம் மகள் தொட்டால் சினக்கிறீர்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள் இதை நனைக்காமலா விளையாடினார்கள்?" இதற்கு எம்மிடம் விடை இல்லை. உண்மையில், சேகரிப்பின் குறையே இதுதான். காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கி அலமாரியில் அடைத்துவிடுகிறோம். அன்று முதல் சிவப்பு வழிந்த அந்தப் பாவை எம் மகளுடையதாயிற்று. மற்ற எட்டும் அலமாரியில் வாய் மூடி நிற்கின்றன. அது ஒன்றே எம் வீட்டில் குரல் கொடுக்கிறது.

ஒன்பதுக்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். பார்சல் அலுவலகத்தின் பழக்கம் விடுமா? வரிசை எண், பிறந்த ஊர், செய்தவர் பெயர், வந்த வழி, வந்த நாள், உயரம், எடை, பழுது ஏதேனும் உண்டா என்று கட்டம் கட்டி எழுதியிருக்கிறோம். இப்பதிவேட்டை எழுதி முடித்த இரவில்தான், நெஞ்சில் தைத்த முள் என்று முதலில் கூறினோமே, அது முழுதும் தெரிந்தது.

எம் அன்னையார் திருநெல்வேலியிலிருந்து மணமகளாக இந்தக் குஜராத்துக்கு வந்தபோது, அவருடைய பெற்றோர் சீராகக் கொடுத்தனுப்பிய பொருள்களுள் ஓர் இணை மரப்பாச்சி இருந்தது. ஆணும் பெண்ணுமாகச் செம்மரத்தில் செதுக்கியவை. கொலுவில் முதலில் படியேறுவது அவ்விணையே. யாம் பல் முளைக்கும் பருவத்தில் கடித்ததும் அதையே என்பார் அன்னையார். நாம்பு நாட்டுப் பாவையைச் சொன்னபோது தாய்மார்களுக்கு நினைவு வந்திருக்கும் என்றோமே, அது இதுதான்.

2003இல் எம் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எமக்கு வேலை கிடைத்தது. குடியிருப்பு மாற வேண்டியதாயிற்று. புதிய வீடு சிறிது. பழம்பொருள் வாங்குபவரை அழைத்து, வேண்டாதவை என்று எம் கண்ணுக்குத் தோன்றியவற்றை எல்லாம் எடைக்குப் போட்டோம். பழைய மரப்பெட்டியும் போயிற்று. அதனுள் துணியில் சுற்றிய மரப்பாச்சி இருந்ததை யாம் அறிவோம். பெண்பாவையின் ஒரு கை ஒடிந்திருந்தது. கை ஒடிந்த மரத்துண்டுக்கு இந்தச் சிறு வீட்டில் இடம் ஏது என்று எண்ணினோம். அன்னையாரைக் கேட்கவில்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. துக்க ஆண்டு கழிந்து, அடுத்த ஆண்டு கொலு வைத்தபோது, முதற்படியில் அவ்விணை நின்ற இடத்தில் இரண்டு வெற்றிலைகளை வைத்தார். ஒவ்வோர் ஆண்டும் அவ்வாறே வைத்தார். 2011இல் அவரும் மறைந்தார். அந்த மரப்பாச்சியை எந்த ஊரில் வாங்கினார்கள்? எந்தத் தச்சர் செதுக்கினார்? பாட்டியார் கொடுத்ததா, அதற்கும் முந்தியதா? ஒன்றையும் அவரிடம் யாம் கேட்டதில்லை. எங்கோ ஜப்பானில் ஒரு மலையூரில் வாழும் கைவினைஞரின் பெயர் எம் பதிவேட்டில் இருக்கிறது. எம் அன்னை தம் தாய்வீட்டிலிருந்து சுமந்து வந்து, யாம் பல் பதித்த பாவையைச் செய்தவருக்குப் பெயர் இல்லை. அவருக்குப் பெயர் இல்லாமலா இருந்தது? கேட்க யாம்தாம் இல்லை.

அன்பர்களே! இவ்வரங்கில் இருக்கும் பலருடைய வீட்டுப் பரணில் ஒரு மரப்பாச்சி உறங்கிக்கொண்டிருக்கலாம். அம்பாசமுத்திரத்துக் கடைசல் செப்புகள் சிலரிடம் இருக்கலாம். கை ஒடிந்திருக்கலாம், வண்ணம் போயிருக்கலாம். தங்கள் வீட்டில் மூத்தோர் இன்னும் இருந்தால், இன்று இரவே கேளுங்கள். 'இது எந்த ஊர்? யார் கொடுத்தது? யார் செய்தது?' அவர்களுக்குப் பாதிதான் நினைவிருக்கும். அந்தப் பாதியையேனும் எழுதி வையுங்கள். வரும் நவராத்திரியில், கர்பா ஆடும் இந்த ஊரில் நம் சங்கம் கொலு வைக்கும்போது, அவற்றைக் கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றையும் குறித்து வைக்கப் பதிவேடு ஒன்றைக் கோடு போட்டு ஆயத்தமாக வைத்திருக்கிறோம். முதற்பக்கத்தில் முதல் வரிசை எண்ணை மட்டும் எழுதி, மற்றக் கட்டங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். அது எம் அன்னையாரின் மரப்பாச்சிக்கு உரியது. இரண்டாம் எண்ணிலிருந்து தங்களுடையவை தொடங்கட்டும்.